‘ஜெனவியேவ்’ என்ற பெயர் வந்த கதை



குழந்தை பிறந்த வீடுகளில் இப்போதெல்லாம் தொட்டில் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுவது பெயர் தேடும் படலம். நட்சத்திர எழுத்து ஒரு பக்கம், எண் கணிதக் கூட்டுத்தொகை இன்னொரு பக்கம். ‘புதுசா இருக்கணும், ஆனா கூப்பிடச் சுலபமா இருக்கணும்’ என்ற இளம் பெற்றோரின் நிபந்தனை மூன்றாவது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் வாயிலும் பெயர் நுழைய வேண்டும். கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் கைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியல்தான். பெயருக்கு எதிரே ஒற்றை வரியில் ஒரு பொருள் இருக்கும்: ‘தூயவள்’, ‘ஒளி பொருந்தியவள்’, ‘வெண்ணலை’. படித்ததும் பிடித்துவிட்டால் அதோடு தேடல் முடிந்தது.

அந்த ஒற்றை வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரு பெயரின் பொருள் அகராதியில் இருக்கிறதா, அல்லது அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களிடம் இருக்கிறதா? இதைப் பேசிப் பார்க்க, பிரான்ஸ் நாட்டுப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாகப் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டு வரும் பெயர் அது. பாரிஸ் நகரின் காவல் புனிதை என்று போற்றப்படும் ஒரு பெண்ணின் நினைவாக வந்த ‘ஜெனவியேவ்’. பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் உள்ள எழுத்தை விழுங்கி ‘ஜென்வியேவ்’ என்பதுபோல் சொல்வார்கள். செல்லமாக ‘ஜினெத்’. இத்தாலியில் ‘ஜெனொவேஃபா’, ஸ்பெயினில் ‘ஹெனொவேவா’. நம் ஊரிலும் இந்தப் பெயருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளைப் பிறகு சந்திப்போம்.

பொருள் என்ன?

பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால் ஜெனவியேவுக்கு எதிரே சில இடங்களில் ‘வெண்ணலை’ என்றிருக்கும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது வேறொரு பெயருக்கு உரியது. பிரிட்டனின் வேல்ஸ் மொழியில் ‘குவென்ஹ்விவார்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆர்தர் மன்னனின் மனைவி பெயர் அதுதான். அதன் முதற்பகுதிக்கு ‘வெண்மை’ என்று பொருள். அந்தப் பெயரின் கார்ன்வால் வடிவமே இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ‘ஜெனிஃபர்’. ஜெனிஃபரும் ஜெனவியேவும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால், ஒருத்தியின் பொருளை இன்னொருத்திக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். இருவரும் உறவினர் அல்லர்.

ஜெனவியேவின் பழைய லத்தீன் வடிவம் ‘கெனொவேஃபா’. அறிஞர்கள் இதற்கு இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள். ஒரு சாரார் இது ஜெர்மானியப் பெயர் என்பார்கள். முன்பகுதி ‘குலம்’, பின்பகுதி ‘பெண்’. ஆக ‘குலமகள்’ என்று பொருள் கொள்ளலாம். இன்னொரு சாரார், ரோமானியருக்கு முன்பே பிரான்ஸ் மண்ணில் பேசப்பட்ட கெல்டிய மொழியிலிருந்து வந்தது என்பார்கள். அங்கும் முன்பகுதி ‘பிறப்பு, குலம்’ என்ற பொருளையே தரும். பின்பகுதியில்தான் சண்டை. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதில் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. எந்த விளக்கத்தை எடுத்தாலும் அந்த முன்பகுதியின் வேர், இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ‘பிறத்தல்’ என்ற பொருள் தரும் பழைய வேர். லத்தீனில் குலத்தைக் குறிக்கும் ‘கெனுஸ்’ அதிலிருந்து கிளைத்தது. வடமொழியில் ‘ஜன்’ என்று நிற்பதும் அதே வேர்தான். ஜனனம், ஜன்மம், ஜனங்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். நம் குடியிருப்பிலேயே விளையாடிக்கொண்டிருக்கும் ‘ஜனனி’களும் அப்படித்தான். பாரிஸின் ஜெனவியேவும் நம் ஜனனியும் பெயரளவில் தூரத்து உறவு.

ஆனால் பிரான்சில் யாரும் ‘குலமகள்’ என்ற பொருளை நினைத்து இந்தப் பெயரை வைக்கவில்லை. பலருக்கு அந்தப் பொருளே தெரியாது. அவர்கள் நினைத்தது ஒரு மனுஷியை.

நாந்தேர் ஊர்ச் சிறுமி

கி.பி. 420 வாக்கில், பாரிஸுக்கு அருகே நாந்தேர் என்ற ஊரில் ஜெனவியேவ் பிறந்தாள். அப்பா செவெருஸ், அம்மா கெரொன்சியா. இரண்டும் ரோமானியப் பேரரசின் பாணிப் பெயர்கள். மகளுக்கு மட்டும் உள்ளூர் மணம் வீசும் பெயர். ரோமானிய ஆட்சி தளர்ந்து, ஃபிராங்க் இனத்தவர் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே வீட்டில் இரண்டு உலகத்துப் பெயர்கள் இருந்தன. வேலனும் கிறிஸ்டியும் ஒரே வீட்டில் வளரும் நம் காலத்தில் இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அவளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி, அவள் இறந்து 18 ஆண்டுகள் கழித்து எழுதியதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு லத்தீன் வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. அற்புதங்கள் நிறைந்த நூல்தான். ஆனால் அற்புதங்களுக்கு நடுவே அன்றைய வீதிகளும் அடுப்படிகளும் தெரிகின்றன.

429இல் ஓசேர் நகரத்து ஆயர் ஜெர்மான், த்ருவா நகரத்து ஆயர் லூபுஸுடன் பிரிட்டனுக்குப் போகும் வழியில் நாந்தேரில் தங்கினார். கூட்டத்தில் நின்ற சிறுமியைக் கூப்பிட்டுப் பேசினார். அவள் தன் வாழ்வை இறைவனுக்குக் கொடுக்க விரும்புவதாகச் சொன்னாள். மறுநாள் காலை, தரையில் கிடந்த ஒரு செப்புக் காசை எடுத்து அவளிடம் தந்தாராம் ஆயர். அதில் சிலுவை வடிவம் இருந்தது. ‘இதைத் துளையிட்டுக் கழுத்தில் கட்டிக்கொள். இனிப் பொன்னும் முத்தும் உனக்கு வேண்டாம்’ என்றாராம்.

பிற்கால ஓவியர்கள் அவளை ஆடு மேய்க்கும் ஏழைப் பெண்ணாகவே வரைந்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நிலபுலன் உள்ள, செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்ணாகத்தான் அவள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அவள் செய்த காரியங்களை அந்தக் காலத்தில் ஒரு பெண் செய்திருக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

ஊரைவிட்டு ஓடுவதா, இருப்பதா?

பெற்றோர் மறைந்த பிறகு ஜெனவியேவ் பாரிஸில் இருந்த தன் ஞானத்தாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றைய பாரிஸை இன்றைய பாரிஸாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சேன் நதி நடுவே ஒரு தீவு, அதைச் சுற்றி ஒரு மதில், அக்கரையில் கொஞ்சம் வீடுகள். அவ்வளவுதான்.

451இல் அட்டிலாவின் ஹூணர் படை ரைன் நதியைத் தாண்டி வந்தது. வழியில் இருந்த ஊர்கள் எரிந்த செய்தி பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. ஆண்கள் கூடிப் பேசி, பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டு பாதுகாப்பான ஊர்களுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தார்கள். முப்பது வயதை ஒட்டியிருந்த ஜெனவியேவ் பெண்களைக் கூட்டினாள். போகிற இடம் இதைவிடப் பாதுகாப்பு என்பதற்கு என்ன உறுதி, இந்த ஊர் தப்பும், நீங்கள் நம்பி ஓடும் ஊர்கள்தான் அழியும் என்று சொன்னாள். பெண்கள் அவளோடு கோயிலில் உபவாசமிருந்து இரவும் பகலும் ஜெபித்தார்கள். வீட்டுப் பெண்கள் நகர மறுத்தால் ஆண்கள் எங்கே போவது?

ஊர் உடனே அவளைக் கொண்டாடிவிடவில்லை. ‘பொய்த் தீர்க்கதரிசி’ என்றார்கள். கல்லால் அடிப்பதா, ஆற்றுச் சுழலில் தள்ளுவதா என்று விவாதமே நடந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஓசேரிலிருந்து ஒரு திருத்தொண்டர் வந்தார். ஆயர் ஜெர்மான் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். ஆனால் தன் ஆசியின் அடையாளமாக அவளுக்கென்று சில பொருள்களை விட்டுச் சென்றிருந்தார். அவற்றைக் காட்டி, ‘எங்கள் ஆயர் மதித்த பெண்ணையா கொல்லப் போகிறீர்கள்?’ என்று கேட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்.

ஹூணர் பாரிஸுக்கு வரவில்லை. தெற்கே ஓர்லெயான் நகரை நோக்கித் திரும்பினார்கள். அதே ஆண்டில் கத்தலாவுனியச் சமவெளிப் போரில் ரோமானியரும் அவர்களின் கூட்டாளிகளும் அவர்களைத் தடுத்தார்கள். படை திரும்பியதற்கு ஜெபம் காரணமா, படைத்தந்திரம் காரணமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஊர் கலையாமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான்.

பதினொரு படகு தானியம்

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஃபிராங்க் அரசன் ஷில்தெரிக்கின் படைகள் பாரிஸை நெடுநாள் முற்றுகையிட்டன. தரைவழி அடைபட்டது. ஊருக்குள் பட்டினிச் சாவு தொடங்கியது. ஜெனவியேவ் படகுகளைத் திரட்டிக்கொண்டு சேன் நதியில் எதிர்நீரோட்டமாகப் புறப்பட்டாள். ஆர்சி, த்ருவா வரை போய்த் தானியம் சேர்த்தாள். திரும்பும் வழியில் காற்றில் படகுகள் பாறைகளில் மோதிச் சாய்ந்து தத்தளித்தன. இருந்தும் 11 படகுகளில் தானியம் ஊர் வந்து சேர்ந்தது என்கிறது அந்த வாழ்க்கை வரலாறு.

வந்த தானியத்தை அவள் எப்படிப் பங்கிட்டாள் என்பதைக் கவனியுங்கள். வசதியுள்ளவர்களுக்கு அப்படியே தானியமாகக் கொடுத்தாள். அரைத்துச் சுட்டுக்கொள்ள வழியில்லாத ஏழைகளுக்குத் தானே அடுப்பு மூட்டி ரொட்டியாகச் சுட்டுக் கொடுத்தாள். அவளுக்கு உதவியாக இருந்த பெண்கள் அடுப்பில் வைத்த ரொட்டிகளை எண்ணிப் பார்த்தால் பாதி குறையும். பிறகு தெருவில் ஏழைகள் சுடச்சுட ரொட்டியுடன், அவளை வாழ்த்திக்கொண்டு போவது தெரியும். யாருக்கும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டிருப்பாள். நிவாரணம் என்றால் எல்லோருக்கும் ஒரே பொட்டலம் அல்ல, யாருக்கு எது பயன்படுமோ அது என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

ஷில்தெரிக் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் அவள் பேச்சைத் தட்ட முடியாதவனாக இருந்தானாம். ஒருமுறை கைதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்ற முடிவு செய்தபோது, இவள் வந்து கேட்டால் மறுக்க முடியாதே என்று நகரவாயிலைப் பூட்டச் சொன்னான். அவள் கை பட்டதும் வாயில் திறந்துகொண்டது என்கிறது கதை. கைதிகள் பிழைத்தார்கள்.

80 வயதைத் தாண்டி வாழ்ந்து, 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அவள் இறந்தாள். ஷில்தெரிக்கின் மகன் குளோவிஸும் அவன் மனைவி குளோத்தில்தும் நதியின் இடக்கரையில் உள்ள குன்றின் மேல் கட்டிய கோயிலில் அவளை அடக்கம் செய்தார்கள். 511இல் இறந்த குளோவிஸின் கல்லறையும் அங்கேதான் அமைந்தது. அரசன் கட்டிய கோயில் நாளடைவில் அவள் பெயராலேயே அழைக்கப்பட்டது. குன்றுக்கும் அவள் பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஜனவரி 3 அவளது திருநாள்.

பெயர் எப்படிப் பரவியது?

பாரிஸில் வெள்ளமோ, வறட்சியோ, நோயோ வந்தால் அவளது திருப்பண்டப் பேழையை ஊர்வலமாக எடுப்பது வழக்கமாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் உடலே எரிவதுபோல வேதனை தரும் ஒரு கொடிய நோய் நகரில் பரவியது. ‘ரை’ என்ற தானியப் பயிரைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சையே அதற்குக் காரணம் என்பது இன்று தெரியும். அப்போது பேழையை நோத்ர் தாம் பேராலயத்துக்கு எடுத்துச் சென்றதும் நோயாளிகள் குணமானதாக மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகத் தொட்டில்களில் பெயராக இறங்கியது.

பிரான்சில் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் ஒரு புனிதரின் பெயரை வைப்பது நெடுங்கால மரபு. அந்தப் புனிதரே குழந்தைக்குக் காவல் என்பது எண்ணம். குலதெய்வத்தின் பெயரை வைக்கும் நம் வழக்கத்துக்கு இது பக்கத்து வீடு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் உண்டு. பிறந்தநாளைப் போலவே ‘பெயர் நாளுக்கும்’ வாழ்த்துச் சொல்வார்கள். இன்றும் ஆண்டு முடிவில் அங்கே தபால்காரர் வீடு வீடாக வந்து நாள்காட்டி தருவார், வீட்டுக்காரர்கள் அன்பளிப்புக் கொடுப்பார்கள். அந்த நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கும்.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. புரட்சிக் காலத்தில் மக்கள் புதுப்புதுப் பெயர்களாக வைக்கத் தொடங்கியதும், 1803 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பழங்கால வரலாற்றில் அறியப்பட்ட பெயர்களையும் மட்டுமே பிறப்புப் பதிவேட்டில் எழுதலாம் என்றது அது. பதிவாளர் மனம் வைக்காவிட்டால் பெயர் இல்லை. 1966இல் வந்த ஓர் அரசு அறிவுரை வட்டார மொழிப் பெயர்களுக்கும் இடம் கொடுத்து இந்தப் பிடியைத் தளர்த்தியது. ஆனாலும் 1983இல் தங்கள் மகளுக்கு ‘மரியின் மலர்’ என்ற பொருளில் பெயர் வைக்க விரும்பிய பெற்றோருக்கு அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும், 1996இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. அதற்கு முன்பே, 1993 ஜனவரியில், சட்டம் மாறிவிட்டது. இப்போது பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம். குழந்தையின் நலனுக்குக் கேடு என்று தோன்றினால் மட்டுமே விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும்.

நாமெல்லாம் பதிவாளரிடம் பெயரின் எழுத்துக்கூட்டல் சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற உரிமைக்கே நீதிமன்றப் படி ஏறியவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் தளர்ந்ததும் பழைய புனிதர் பெயர்கள் பின்னுக்குப் போயின. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சில் தெருவுக்குத் தெரு இருந்த ஜெனவியேவ்கள் இப்போது பெரும்பாலும் பாட்டிமார். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இதே பெயர் அண்மை ஆண்டுகளில் மீண்டும் இளம் பெற்றோரைக் கவர்ந்திருக்கிறது.

நம் ஊர் ‘ஜெனோவா’

இப்போது அந்தத் தங்கையைப் பார்ப்போம். 1953இல் எம்.ஜி.ஆரும் பி.எஸ். சரோஜாவும் நடித்து, எஃப். நாகூர் இயக்கிய ‘ஜெனோவா’ படத்தை நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தின் கதாநாயகி பாரிஸ் புனிதை அல்லள். பிராபாண்ட் நாட்டு ஜெனவியேவ் என்று ஐரோப்பியக் கதைமரபில் வரும் வேறொரு பெண். கணவன் போருக்குப் போன சமயத்தில் கோலோ என்ற அதிகாரி அவள்மேல் வீண் பழி சுமத்துகிறான். கணவனும் நம்பிவிடுகிறான். கொல்லக் கொண்டுபோனவர்கள் மனம் இரங்கி அவளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒரு குகையில் மானின் பாலூட்டி மகனை வளர்க்கிறாள். பல ஆண்டுகள் கழித்து வேட்டைக்கு வந்த கணவன் அந்த மானைத் துரத்திக்கொண்டு குகைக்கே வந்து சேர்கிறான்.

காட்டில் சீதை, கூடவே பிள்ளைகள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஒருவரின் நூல் வழியே ஐரோப்பாவெங்கும் பரவிய கதை இது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்துகளிலும் ஜெனோவா மேடையேறியிருக்கிறாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ‘ஜெனோவா’ என்று பெண்கள் இருப்பது இந்த வழியாக வந்ததுதான். இத்தாலியின் துறைமுக நகரத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. உங்கள் மாடியில் ஒரு ஜெனோவா இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு பெண்ணுக்குக் கட்டிய கோயில்

கதையின் முக்கியமான திருப்பம் இனிமேல்தான். 1744இல் பதினைந்தாம் லூயி மன்னன் மெட்ஸ் நகரில் கடும் நோயில் விழுந்தான். பிழைத்தால் ஜெனவியேவுக்குப் புதுக்கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டான். பிழைத்தான். கட்டடக்கலைஞர் சூஃப்லோவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1764இல் மன்னனே அடிக்கல் வைத்தான். அதே குன்றின் மேல் பிரம்மாண்டமான குவிமாடத்துடன் கோயில் எழுந்து, 1790இல் முடிந்தது. சூஃப்லோ அதைப் பார்க்க உயிரோடில்லை.

முடிந்த வேகத்தில் அது கைமாறியது. 1789இல் புரட்சி வெடித்திருந்தது. 1791இல் தலைவர் மிராபோ இறந்ததும், இந்தக் கட்டடம் இனி நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் இடம் என்று தேசிய சபை முடிவு செய்தது. ‘பாந்தியோன்’ என்ற பெயர் வந்தது. வோல்தேரின் உடலும் அங்கே கொண்டுவரப்பட்டது. முகப்பில் ‘மாமனிதர்களுக்கு, நன்றியுடன் தாய்நாடு’ என்று பொறித்தார்கள். பிரெஞ்சு மொழியில் அங்கே ‘மனிதர்’ என்பதற்கு வரும் சொல் ‘ஆண்’ என்றும் பொருள்படும். ஒரு பெண்ணுக்காகக் கட்டிய கோயிலின் நெற்றியில் அந்தச் சொல்.

1793இல் அவளுடைய பேழையை உருக்கினார்கள். எலும்புகளைப் பொது இடத்தில் எரித்துச் சாம்பலை சேன் நதியில் கரைத்தார்கள். அவள் தானியப் படகு ஓட்டி வந்த அதே நதி. அவள் கல்லறைக் கல்லின் ஒரு துண்டு மட்டும் பக்கத்தில் உள்ள புனித எத்தியேன் கோயிலில் இன்றும் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் ஆட்சி மாறும்போதெல்லாம் பாந்தியோன் கோயிலாவதும் நினைவிடமாவதுமாக மாறி மாறி வந்தது. 1885இல் விக்தோர் ஹ்யூகோவின் இறுதி ஊர்வலத்தோடு நிலையாக நினைவிடமாயிற்று. உள்சுவர்களில் ஓவியர் புவி த ஷவான் வரைந்த ஜெனவியேவ் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள்.

திரும்பி வந்த பெயர்

1920இல் பிரான்சில் ஒரு பெண் குழந்தைக்கு ஜெனவியேவ் என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய சித்தப்பா ஷார்ல் த கோல், பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவர். 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தபோது ஜெனவியேவ் த கோலுக்கு 19 வயது. ஊரே வாயடைத்துப் போயிருந்த காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். ரகசியப் பத்திரிகையில் எழுதினார், விநியோகித்தார். 1943 ஜூலையில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945இல் உயிரோடு மீண்டார்.

மீண்டவர் பழையதை மறந்து வீட்டோடு இருந்திருக்கலாம். 1958இல் ஜோசப் விரெசின்ஸ்கி என்ற குருவானவரைச் சந்தித்து, பாரிஸை அடுத்த நுவாசி-ல்-கிராந்தில் வீடற்ற குடும்பங்கள் சேற்றுக்கு நடுவே தகரக் குடில்களில் வாழ்வதைப் பார்த்தார். வதைமுகாமில் பார்த்த அதே அவமானத்தை அந்த முகங்களில் கண்டதாக அவர் சொன்னார். 1964 முதல் 1998 வரை, வறுமையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கான ‘ஏத்தேதே நான்காம் உலகம்’ அமைப்பின் பிரெஞ்சுக் கிளைக்குத் தலைவராக இருந்தார். சமூக ஒதுக்கலுக்கு எதிரான சட்டத்துக்காகப் பத்தாண்டு போராடினார். 1998இல் அது நிறைவேறியது. 2002இல் மறைந்தார்.

2015 மே 27 அன்று அவருக்கு பாந்தியோனில் இடம் கொடுத்தது பிரான்ஸ். குடும்பத்தார் உடலை எடுக்க விரும்பவில்லை. கணவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். அதனால் கல்லறை மண்ணை எடுத்துவைத்த பேழை உள்ளே போனது. புனித ஜெனவியேவுக்காகக் கட்டி, அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட கட்டடத்துக்கு, 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து இன்னொரு ஜெனவியேவ் வந்து சேர்ந்தார். அன்று அவரோடு நுழைந்த மூவரில் ஒருவர், ராவன்ஸ்ப்ரூக்கில் அவரோடு சிறையிருந்த தோழி, மானுடவியல் அறிஞர் ஜெர்மேன் தியோன். நாந்தேர் சிறுமிக்குக் காசு கொடுத்த ஆயர் பெயர் நினைவிருக்கிறதா? ஜெர்மான். அதன் பெண்பால்தான் ஜெர்மேன். யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல இது.

நமக்கு இதில் என்ன?

பாரிஸ் போனால் தூர்னெல் பாலத்தில் ஓர் உயரமான தூணின் மேல் நிற்கும் புனித ஜெனவியேவின் சிலையைப் பாருங்கள். ரியோ நகரத்து மலையுச்சி இயேசு சிலையை வடித்த பால் லாந்தோவ்ஸ்கிதான் இதையும் 1928இல் வடித்தார். கிழக்கே, எதிரிகள் வந்த திசையைப் பார்த்து நிற்கிறாள். அவள் முன்னே நகரின் சின்னமான கப்பலை ஏந்தியபடி ஒரு குழந்தை. அந்தக் குழந்தைதான் பாரிஸ்.

அவள் பெயருக்கு எதிரே கைபேசியில் ‘வெண்ணலை’ என்று இருந்தால் என்ன, ‘குலமகள்’ என்று இருந்தால் என்ன? அட்டிலா வந்தபோது ஊரைவிட்டு ஓடாதவள், பசித்தவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இன்னொரு ஜெனவியேவ் வந்து அந்தப் பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

எனவே, பெயர் தேடும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலைப் பாருங்கள், எழுத்தும் எண்ணும் பாருங்கள், தப்பில்லை. அதோடு, அந்தப் பெயரில் முன்பு வாழ்ந்தவர் யார் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது புனிதராகவோ தலைவராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்ச காலத்தில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றிய உங்கள் கொள்ளுப்பாட்டியாகவும் இருக்கலாம். பெயரை வைத்த பிறகு, அதன் கதையை நான்கு வரி ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பிள்ளை வளர்ந்து, ‘எனக்கு ஏன் இந்தப் பேரு?’ என்று கேட்கும் நாள் நிச்சயம் வரும். பதில் தயாராக இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெயர்களின் கதைகளை அரைப் பக்க அளவில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். பக்கத்துக் கதவில் இருப்பவரின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்வோம்.